அக்கா போன தீவு

புளித்த பாலின் வாசனை.

போன வாரம் பதுளையிலிருந்து லுணுகலைக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பசறையைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் முன் சீட்டுப் பெண்ணின் தோளில் குழந்தை கக்கிவிட்டது. முந்தானையால் துடைத்துவிட்டு, கூச்சத்துடன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பரவாயில்லம்மா, புள்ளைதானே" என்றேன். ஜன்னலுக்கு வெளியே தேயிலை ஓடிக்கொண்டிருந்தது. நானோ அந்த பஸ்ஸிலேயே இல்லை. எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. தகரக்கூரை, சிமெந்துத் தரை, சட்டத்தில் வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள். பால்மா கரைத்த வாளி, சவர்க்காரம், காயாத துணி, எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் புளிப்பு. என் அக்கா தெய்வானையின் சேலையிலும் தலைமுடியிலும் அந்த வாசனைதான். அவள்தான் அங்கே ஆயம்மா.

ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று காலை அவள் அங்கே இருந்திருக்கவே கூடாது. அவளுடைய வேலைக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். அக்காவோ பயணத்துக்கென்று எடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, ஒரு பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். சேலை நனைந்துகொண்டிருந்தது.

"பஸ் போயிரும்க்கா."

"இரு பாப்பா. இவன் ஒருத்தன் ஏப்பம் விடட்டும்."

அவள் போகவிருந்தது இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருக்கும் ஒரு சின்னத் தீவுக்கு. பறவைக் குஞ்சுகளைக் காப்பாற்றும் பயிற்சிக்கு. போனால் எங்கள் வீட்டுக்கு அவள் திரும்பி வர முடியாது என்பது அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

குருவிக்குப் பிள்ளைக்காம்பரா

அது எழுபதுகளின் கடைசி. பண்டாரவளையில் ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தார். தோட்டத்து ஆயம்மாக்களுக்கு வகுப்பு நடத்த வந்தவர். நாங்கள் 'மிஸ்' என்போம். அவர் தமிழ் பேசினால் ஒவ்வொரு சொல்லும் மேட்டில் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வரும். லீவு நாட்களில் கழுத்தில் தூரக்கண்ணாடியோடு ஹல்துமுல்லைக்கும் கொஸ்லந்தைக்கும் இடையில் எங்கேயாவது காட்டுக்குள் போய்விடுவார். பறவைப் பைத்தியம்.

அவர் அறைச் சுவரில் ஒரு படம் இருந்ததாம். ஒரு வெறுங்கிளை. அதன்மேல் ஒரே ஒரு முட்டை. கூடு கிடையாது.

"முட்டைய யாரு மிஸ் அங்க கொண்டுபோய் வச்சது?" என்று கேட்டிருக்கிறாள் அக்கா.

பறவையேதான் என்றார் மிஸ். வெள்ளை ஆலா என்று பெயர். கடற்பறவை. அது கூடு கட்டாது. குஞ்சு பொரித்தபின் அதே கிளையை நகத்தால் பற்றிக்கொண்டு, காற்றானாலும் மழையானாலும் அப்படியே உட்கார்ந்திருக்குமாம். தாயும் தகப்பனும் மீன் தேடிக் கடலுக்குப் போய்விடுமாம்.

"அதுவரைக்கும் குஞ்ச யாரு பாத்துக்குவா?"

மலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்பவளுக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்? அந்தக் கேள்வி மிஸ்ஸுக்குப் பிடித்துப்போனது. அவருடைய நண்பர்கள் அந்தப் படத்துத் தீவில்தான் ஒரு நிலையம் வைத்திருந்தார்கள். பழைய கப்பல்களில் வந்து இறங்கிய எலிகள் அங்கே பெருகி முட்டைகளைத் தின்றுகொண்டிருந்தன. பல நாடுகளிலிருந்தும் இளவயதுக்காரர்கள் ஆறுமாதப் பயிற்சிக்கு வருவார்கள். எலிப்பொறி வைப்பது, முட்டை எண்ணுவது, பறவைகள் உட்காரும் மரங்களை நட்டு வளர்ப்பது, குஞ்சுகளைக் கண்காணிப்பது. சம்பளம் கிடையாது. சாப்பாடும் படுக்க இடமும் போகிற செலவும் அவர்களுடையது. மிஸ் அக்காவின் பெயரை எழுதி அனுப்பினார். அவர்களும் வரச் சொல்லிவிட்டார்கள்.

தோட்டமே சிரித்தது.

"சம்பளமில்லாத வேலைக்கு எவளாச்சும் கடல் தாண்டிப் போவாளா?" என்றார் கணக்கப்பிள்ளை.

பக்கத்து வீட்டு மாரியாயி அத்தை எங்கள் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "குருவிக்குப் பிள்ளைக்காம்பராவா! அப்ப காக்காய்க்குப் பள்ளிக்கூடம் எப்ப தொறக்குறாங்க?"

"தொறந்தா ஒன்னையத்தான் டீச்சராப் போடச் சொல்லணும் அத்தே. நல்லாக் கத்துவ" என்றாள் அக்கா.

அன்றைக்கு அம்மாவும் சிரித்தாள். ஆறு மாதம்தானே. போய்விட்டு வந்துவிடப் போகிறாள்.

ஆளுக்கொரு பக்கம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது விளங்காது.

நாங்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்பது அப்போது எங்களுக்கே தெரியாது. பாட்டன்மார் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அப்பாவும் அம்மாவும் நாங்களும் இந்த மலையில் பிறந்தவர்கள். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு, இத்தனை பேர் உங்களுக்கு, இத்தனை பேர் எங்களுக்கு என்று எங்களைப் பிரித்துக்கொண்டன. எந்த நாடு வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்டது கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

அப்பா பேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். ஈரமான எதையும் பரப்பிப் போடுகிற கை. குடும்பத்தையும் அப்படியே பரப்பிப் போட்டார்.

"எல்லாரும் ஒரே பக்கமா எழுதி, இல்லன்னுட்டா எங்கிட்டுப் போறது? நாம இங்க எழுதுவோம். தெய்வான இந்தியாவுக்கு எழுதட்டும். இங்க கெடைச்சா நாம அவள இழுத்துக்கலாம். அங்க கெடைச்சா அவ நம்மள இழுத்துக்குவா."

முட்டாள்தனம் என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு எங்கள் லயத்தில் பாதி வீடுகளில் இதைத்தான் செய்தார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே. மாமனார் அங்கே, மருமகன் இங்கே. மழைக்காலத்தில் விறகை இரண்டு இடத்தில் அடுக்கி வைக்கிற மாதிரி. ஒன்று நனைந்தாலும் ஒன்று மிஞ்சும்.

அக்காவுக்கு அப்போதுதான் தனியாக எழுதும் வயது வந்திருந்தது. நான் சின்னப் பிள்ளை, அப்பாவோடு சேர்ந்தவள்.

வருஷக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. பிறகு இரண்டுமே வந்தன. எங்கள் மூன்று பேருக்கும் இலங்கை. அக்காவுக்கு இந்தியா. இரண்டு பக்கமும் கேட்டது கேட்டபடி கிடைத்ததுதான் எங்களுக்கு வந்த கேடு. யாரையும் யாரும் இழுத்துக்கொள்ள எந்த அரசாங்கக் கந்தோரிலும் வழி இல்லை.

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் வடை தின்று, தேத்தண்ணி குடித்து, அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. இந்தியாக்காரியாச்சே!" ஒரே அடுப்பில் சமைத்த சோற்றைத் தின்ற நாங்கள் இலங்கைக்காரர்கள், அவள் இந்தியாக்காரி.

கண்டிக்குப் போய் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்து வந்தாள். இன்ன தேதிவரை இங்கே தங்கலாம் என்று அதில் ஒரு சீல் இருந்தது. தேதி முடியும்போது மறுபடி கண்டிக்குப் போய்க் கேட்டால் நீட்டிக் கொடுப்பார்கள். ஒருமுறை நீட்டியும் இருந்தார்கள்.

"நீட்டிக்கிட்டே போகலாம்" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். "கட்டையில போற வரைக்கும் நீட்டலாம்."

மஞ்சள் மழைக்கோட்டு

தீவுப் பயணத்துக்கு மழைக்கோட்டு வாங்கப் பதுளைக்குப் போனோம், அக்காவும் நானும். ஜமால் நானாவின் கடைக்கு. தீபாவளித் துணி எல்லாம் அவரிடம்தான். புதுத் துணியின் கஞ்சி வாசனையும் அத்தர் வாசனையும் கலந்த கடை.

"தீவுக்குப் போற ஆளா? அப்ப மஞ்சள் எடுங்க தங்கச்சி" என்றார். "தண்ணில உழுந்தாலும் தூரத்துக்குத் தெரியும்."

"நான் ஏன் நானா தண்ணில விழுறேன்?"

"நீங்க உழ மாட்டீங்க. அலை வந்து இழுத்தா? மஞ்சளுக்கும் கறுப்புக்கும் ஒரே வெலதான், பயப்படாதீங்க."

நானா ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். கப்பல், விமானம் எல்லாம் பார்த்தவர் என்பதால் அக்கா பெருமையாகப் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகத் திருப்பினார். அந்தச் சீல் இருந்த பக்கத்தில் அவர் கை நின்றது.

"திரும்பி எப்ப வாறீங்க?"

"ஆறு மாசத்துல நானா."

"எங்க?"

"எங்கன்னா... வீட்டுக்குத்தான்."

அவர் பாஸ்போர்ட்டை மூடி மேசைமேல் வைத்தார். கடைப் பையனைத் தேத்தண்ணி வாங்க அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லாம உடவும் ஏலாது. இந்தச் சீல் நீங்க இந்த நாட்டுல ஈக்கிற வரைக்குந்தான் தங்கச்சி. ஒருக்கா வெளியே காலெடுத்து வச்சா முடிஞ்சி. பொறகு இந்தியாவுக்குப் போகலாம். இங்க உள்ளுக்கு உட மாட்டாங்க."

வெளியே ஒரு லொறி சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. சாக்குகள் விழும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. அக்கா தலைகுனிந்து மழைக்கோட்டின் பொத்தான்களைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

"மஞ்சளே குடுங்க நானா" என்றாள்.

மிஸ் கொழும்புக்குப் போய் விசாரித்தார். நானா சொன்னதுதான் சரி. மிஸ் எங்கள் லயத்துக்கே வந்து, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்றபடி அழுதார். ஒரு வெள்ளைக்காரி அழுததைப் பார்க்க லயத்துப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டன.

அம்மாவின் நாட்கள்

அக்கா எப்படியும் இந்தியாவுக்குப் போயே ஆகவேண்டும். என்றைக்கு என்பதுதான் கேள்வி. இங்கேயே இருந்தால் சீல் இன்னும் ஒருமுறை நீளலாம். ஒரு வருஷம் கிடைக்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. தீவுக்குப் போனால் அந்த நாட்கள் எல்லாம் போச்சு.

"அப்ப போகாத" என்றாள் அம்மா. அடுப்புக்கு முன்னால் ரொட்டிமா பிசைந்துகொண்டிருந்தாள். "முடிஞ்சுது. இருக்கிற நாளையாச்சும் எங்கூட இரு."

"இருந்து?"

"இருந்து என்னடீ இருந்து? ஆக்கு, தின்னு, தூங்கு. ஊர்ல எல்லாரும் இருக்கல?"

"தேதி முடிஞ்சா?"

"நீட்டுவாங்க."

"கீழ்ப்பிரிவு சிவகாமிக்கும் நீட்டுவாங்கன்னுதான் சொன்னாங்க. போலீஸ் ஜீப்பு வந்து, மலையிலேருந்து கூடையோட ஏத்திட்டுப் போகல? மாத்து உடுப்பு எடுக்க விட்டாங்களா? அவ புள்ள எங்கிட்டதான் இருந்துச்சும்மா. நாந்தான் தொட்டில்லேருந்து தூக்கிட்டு ஓடி, ஜீப்புக்குள்ள குடுத்தேன். அது தூக்கம் கூடக் கலையல."

அம்மா மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"நானும் ஒருநா போகத்தாம்மா போறேன். ஜீப்பு வார வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா? நானே நெனைச்சு ஒரு எடத்துக்குப் போனேன்னு இருக்கட்டும்மா. ஒரு எடம். அப்புறம் அவுங்க சொல்ற எடத்துக்குப் போறேன்."

"ஆறு மாசமோ ஒரு வருஷமோ, அது எனக்குக் கெடைச்ச நாளுடீ" என்றாள் அம்மா. "அதக் கொண்டுபோய்க் குருவிக்குக் குடுக்கிறியே."

அதன்பிறகு அம்மா அக்காவோடு பேசவில்லை. சோறு போட்டாள். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். ராத்திரி குளிருக்குத் தன் போர்வையையும் அவள்மேல் போர்த்தினாள். பேசமட்டும் இல்லை. "அவளச் சாப்பிடச் சொல்லு பாப்பா" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவளுக்கு என் வழியாகச் சொல்லி அனுப்புவாள். எனக்கும் அக்காமேல் கோபம்தான். ஆனால் யாருக்கும் கேட்காமல் அவள் அந்தப் படத்தைப் பற்றி ராத்திரியில் என் காதுக்குள் பேசும்போது, அந்த வெறுங்கிளையை நானும் பார்த்தேன்.

அப்பா தகரப்பெட்டியின் பூட்டுக்கு எண்ணெய் போட்டார். துடைத்தார். மறுநாளும் போட்டார். "நாந்தானே புள்ளைய அந்தப் பக்கம் எழுதச் சொன்னேன்" என்றார் ஒருநாள், பூட்டைப் பார்த்து.

நாடாவில் வந்த குரல்

வரிசை மாற்றிச் சொல்கிறேன். மனசு வரிசையாக நடக்க மாட்டேன் என்கிறது.

அவள் போய்ச் சில மாதங்கள் கழித்து, மிஸ் மூலமாக ஒரு கெசட் நாடா வந்தது. போட்டுக் கேட்க எங்களிடம் பெட்டி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் ஜமால் நானா கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, எங்களைத் துணிக்கட்டுகளின்மேல் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார்.

முதலில் கடல். பிறகு பறவைகள். ஒன்று இரண்டல்ல, ஒரு திருவிழாக் கூட்டத்தின் இரைச்சல். அதற்குள்ளிருந்து, வெட்கப்பட்டுக்கொண்டு, அக்கா.

"அம்மா, நல்லாருக்கேன். சோறு கெடைக்குது. மொத வாரமே ஏச்சு வாங்கிட்டேம்மா. கைக்கெட்டுற கெளையில ஒரு குஞ்சு, தனியா. கத்திக்கிட்டே இருக்கு. காலையில பாத்தேன், மத்தியானம் பாத்தேன், யாரையும் காணோம். எனக்குப் பொறுக்கல. தூக்கி மடியில வச்சுக்கிட்டேன். பெரிய சார் ஓடி வந்து கத்துறாரு. அழுதாத் தூக்கக் கூடாதாம். தாய் வந்து தேடுற எடத்துலதான் அது இருக்கணுமாம். திருப்பி அதே கெளையில வச்சுட்டு, நானும் கீழேயே உக்காந்துட்டேன். வெயில் எறங்குனதும் கடல் பக்கமிருந்து ஒண்ணு வந்துச்சு. வாயில வரிசையாச் சின்னச் சின்ன மீனு. நேரா அந்தக் கெளைக்கு வந்துச்சும்மா. இம்புட்டு மரத்துல எப்படித்தான் கண்டுபிடிக்குதோ."

அம்மா நானாவைப் பார்த்தாள். "அந்த எடத்த இன்னொருக்காப் போடுங்க தம்பி."

அவர் போட்டார். மறுபடி கேட்டாள். மறுபடி போட்டார். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"கொரலு மெலிஞ்சு போச்சு" என்றாள். அவ்வளவுதான்.

ஆறு மாதம் முடிந்து அக்கா தீவிலிருந்து நேரே இந்தியாவுக்குப் போனாள். நீலகிரியில், கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. மலையிலிருந்து மலைக்கு. அப்புறம் இங்கே கலவரம், இந்தியாவுக்குப் போகும் கப்பலும் நின்றது. அம்மா அவளை மறுபடி பார்க்காமலே செத்துப்போனாள். கெசட்டை அம்மா தன் சேலைகளுக்கு நடுவில் வைத்திருந்தாள். எங்கள் மலை ஈரத்தில் நாடா முழுக்கப் பூஞ்சணம். நான் கையில் காசு சேர்த்துக் கோத்தகிரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அக்கா நெஞ்சு நோயில் இறந்து ஒரு மாரிக்காலம் கடந்துவிட்டிருந்தது. அவள் இருந்த வீட்டில் வேறு யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.

பஸ் வரும் சத்தம்

அந்தக் காலைக்குத் திரும்புகிறேன்.

தோளில் கிடந்தவன் ஒருவழியாக ஏப்பம் விட்டான். அக்கா அவனைப் புது ஆயம்மாவின் கையில் கொடுத்தாள். ஒவ்வொரு தொட்டிலையும் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். அப்பா பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டேன்.

அம்மா விடியும்போதே வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டிருந்தாள், கூடையோடு, வழக்கம்போல. மகள் போகிற நாளில் மலைக்குப் போனாளே என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அன்றைக்குக் கொழுந்து ரோட்டுக்கு மேலே இருந்த மலையில். நாங்கள் ரோட்டில் வந்து நின்றபோது பெண்கள் நிரை பிடித்து மேலே நின்றார்கள். கொழுந்தெடுத்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன. கங்காணி ஏசவில்லை. அம்மாவின் கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பனி இன்னும் செடிகளை விட்டுப் போகவில்லை.

"அம்மா!" என்று அக்கா கூப்பிட்டாள். அம்மா திரும்பவில்லை.

கீழ் வளைவில் பஸ்ஸின் உறுமல் கேட்டது.

அப்போதுதான் அம்மா நிரையை விட்டு இறங்கினாள். செடிகளுக்கு நடுவே, சறுக்கிக்கொண்டு, முதுகில் கூடை அப்படியே ஆட, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து தொப்பலாக. தண்ணி ஓடும் கானைத் தாண்டி ரோட்டுக்கு வந்தாள். மூச்சு வாங்கியது. கொழுந்துக் கறை பிடித்த கையால் அக்காவின் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள். தோளில் இருந்த பால் கறையைத் துடைத்தாள். அது போகவில்லை. மறுபடி துடைத்தாள்.

பஸ் வந்து நின்றது. "நகின்ன, நகின்ன" என்று ஏறச்சொல்லிக் கத்தினான் கண்டக்டர். அப்பா பெட்டியை ஏற்றினார். அக்கா படியில் ஒரு காலை வைத்தாள்.

"தெய்வான."

எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தப் பெயர்.

"என்னம்மா?"

"அங்க கேப்பாங்க. தீவுலயும் கேப்பாங்க, பொறவு இந்தியாவுலயும் கேப்பாங்க. ஏன் வந்தே, ஒன்னைய வெரட்டிட்டாங்களான்னு கேப்பாங்க."

அக்கா படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"என்னைய யாரும் வெரட்டல, எங்கம்மாதான் பஸ் ஏத்தி விட்டுச்சுன்னு சொல்லு."

"சொல்றேம்மா."